வந்து வந்து போன மச்சினன்

அண்ணாச்சி, ஒரு விடுகதை போடட்டுமா? கழுகுமலை வரைக்கும் யோசிக்கலாம், அவசரமில்லை.

இரண்டு பேர். ஒரே பெட்டிக்குள் குடித்தனம். ஒருத்தனுக்குச் சொன்னதை இன்னொருத்தனும் எழுதிக்கொள்வான். ஒருத்தன் படுத்துவிட்டாலும் மற்றவனிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் எழுதினதும் வேறு வேறாகிவிட்டால் வம்பு. யார் அவர்கள்?

புருஷன் பெண்டாட்டியா? இல்லை அண்ணாச்சி. எங்கள் வீட்டில் நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

இரட்டைப் பிள்ளைகளா? கிட்டத்தில் வந்துவிட்டீர்கள். ஆனால் அதுவும் இல்லை. விடை என் மடியில்தான் இருக்கிறது. வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேனே, இந்தப் பெட்டிக்குள். கம்ப்யூட்டர். அதற்குள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். அவர்கள்தான் அந்த இரண்டு பேர். முழங்காலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இடித்துவிடப் போகிறது. இப்போதுதான் உடம்பு சரியாகி வீட்டுக்குப் போகிறார்கள்.

கண்டக்டர் தம்பி இதற்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றான், பார்த்தீர்கள் அல்லவா? "மடியில வச்சா பிள்ளை, மேல வச்சாத்தான் லக்கேஜ்" என்றேன். "அப்ப பிள்ளைக்கு அரை டிக்கெட் போடுங்க" என்கிறான். என்ன ஆள்கள்!

பிள்ளை ஜன்னலோரம் தூங்குகிறது. மகிழினி, என் மகள். ஒன்றாம் வகுப்பு. காதைப் பாருங்கள், சிவப்புக் கல் கம்மல். கதையே அந்தக் காதைப் பற்றியதுதான்.

என் பெயர் ஆவுடைநாயகம். சங்கரன்கோவிலில் 'ஆவுடை வீடியோ' என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார். வீட்டின் முன்னறைதான் கடை. கல்யாணம், சடங்கு, புதுமனை புகுவிழா எல்லாம் எடுப்போம். தாலி கட்டும்போது மாப்பிள்ளை கைக்கும் பெண் கழுத்துக்கும் நடுவில் ஒரு சித்தப்பா எப்போதும் வந்து நிற்பார். அவரை மரியாதையாக ஓரம் கட்டுவதுதான் இந்தத் தொழிலில் பாதி.

என் மனைவி செண்பகவல்லிக்கு ஒரு தம்பி. பூவநாதன். கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அவன் என்னை அத்தான் என்பான், நான் அவனை மாப்பிள்ளை என்பேன். வெளியில் இருந்து பார்த்தால் எங்களைப் போல ஒற்றுமை கிடையாது. பையன் நல்லவன்தான். ஆனால் சிரிப்பான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

ஆவணி மாதம் வந்தவன் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான்.

"ஏன் அத்தான், ஊர்க் கல்யாணத்தையெல்லாம் ஒரே டிஸ்க்ல வச்சிருக்கீங்களே. நாளைக்கு அது போச்சுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க உங்களைச் சும்மா விடுவாங்களா? மறுபடியும் தாலி கட்டுங்கன்னா அவன் கட்டுவானா?"

கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் மாட்டினான். பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் உண்டல்லவா, அந்த மாதிரி என்று சொல்லிக் கொடுத்தான். வாத்தியார் ஒரு வார்த்தை சொல்வார், இரண்டு பிள்ளைகளும் எழுதிக்கொள்ளும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொரு பிள்ளையின் நோட்டு இருக்கும். காய்ச்சல்காரப் பிள்ளை திரும்பி வந்ததும் மற்றதைப் பார்த்து எழுதிக்கொள்ளும்.

"ஆனா எந்தப் பிள்ளையைப் பாத்து எந்தப் பிள்ளை எழுதணும்னு திரையில கேள்வி வரும் அத்தான். நீங்க சொன்னாத்தான் எழுதும். தானா எதையும் அழிச்சிடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, டிஸ்க் சூடாகாமப் பாத்துக்கோங்க. சூடு ஆகவே ஆகாது."

சூடு ஆகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. அவனே சொன்னது.

அந்த ஆவணியிலேயே மகிழினிக்குக் காதுகுத்து வைத்தோம், எங்கள் சாஸ்தா கோவிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள். பூவநாதன் பட்டு வேட்டி, புது வாட்ச், நெற்றியில் சந்தனம், பெரிய மனுஷன் மாதிரி மனையில் உட்கார்ந்தான். மடியில் என் மகள். வீடியோ நான்தான். வேறு யாரை நம்பிக் கேமராவைக் கொடுக்க முடியும்?

ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை 'வீல்' என்று கத்தினாள். நான் கேமராவைப் பிடித்தபடியே ஒரு கையை நீட்டினேன். "அப்பாகிட்ட வா தங்கம்" என்றேன். அவள் வரவில்லை அண்ணாச்சி. மாமன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாலாடையில் பால் கொடுத்தது நான். தோளில் போட்டுத் தெரு முழுக்க நடந்தது நான். அவள் கூப்பிட்டது மாமா!

அந்த நேரம் பார்த்து ஓமப் புகை. எல்லார் கண்ணிலும் தண்ணீர். எனக்கும் கொஞ்சம் வந்தது, புகையால். கேமராவும் லேசாகச் சாய்ந்துவிட்டது. அது தரை சரியில்லாத கோவில்.

பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டே பூவநாதன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "அத்தான் எடுத்த படத்தில எல்லாரும் இருக்காங்க, அத்தான் மட்டும் இல்லை!" சொல்லிவிட்டுச் சிரித்தான். பந்தியே சிரித்தது. செண்பகவல்லியும்தான்.

அப்பளத்தை நொறுக்கினேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கேமராவைத் துடைத்து, விளக்குகளைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு பொட்டு வைத்தேன். அப்போது யோசித்தேன். உழைக்கிறவன் உள்ளே இருக்கிறான், வெளித் தகரத்துக்குப் பொட்டு வைத்தால் நியாயமா? பக்கத்து மூடியைக் கழற்றினேன். டிஸ்க்கைத் தொட்டால் சூடு! மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. சந்தனம் எவ்வளவு குளிர்ச்சி, உங்களுக்கே தெரியும். நல்ல கட்டைச் சந்தனமாக, கல்லில் இழைத்துக் குழைத்து இரண்டு பேருக்கும் பூசினேன். எது நெற்றி என்று முதலில் தெரியவில்லை. வயர் சொருகுகிற பக்கம்தான் முகம் என்று முடிவு செய்து, அங்கே தாராளமாக அப்பினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் செய்கிறேன். அவர்களுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. அதுதான் எனக்கு வருத்தம் அண்ணாச்சி. அவ்வளவு செய்தும் நன்றியில்லை. சரியாக வெள்ளிக்கிழமை பார்த்து நிற்கும்! கல்யாண வீடியோவைப் பாதி வெட்டிக்கொண்டிருப்பேன், பொண்ணு அழைப்பு முடிந்திருக்கும், மாப்பிள்ளை மணமேடைக்கு வர வேண்டிய நேரம், படக்கென்று திரை நீலமாகிவிடும். வெள்ளை எழுத்தில் என்னவோ இங்கிலீஷ். மறுபடி போட்டால் ஒரு கேள்வி கேட்கும். நான் 'இல்லை' என்று அமுக்கிவிடுவேன். இங்கிலீஷில் எது கேட்டாலும் 'இல்லை' என்பதுதான் என் வழக்கம். அதனால் இதுவரைக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பிளக்கை மாற்றினேன். யூ.பி.எஸ். மாற்றினேன். மேசையை வடக்குப் பார்த்துப் போட்டேன், கிழக்குப் பார்த்துப் போட்டேன். எலுமிச்சம்பழம் கட்டினேன். வெள்ளிக்கிழமை மேலேயே சந்தேகம் வந்து, ஒரு வாரம் பூஜையை வியாழக்கிழமை செய்தேன். வியாழக்கிழமையே நின்றுவிட்டது! கிழமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே தெளிவாகிவிட்டது.

கடைசியில் செண்பகவல்லி தம்பிக்கு ஃபோன் போட்டாள். எனக்கும் அவனுக்கும்தான் பேச்சில்லையே, அதனால் அவள் நடுவில் நின்றாள். அவனுக்கு வெண்கலக் குரல். ஃபோனைத் தாண்டி எனக்குக் கேட்கும். நான் கோபமாக இருந்தால் மெதுவாகத்தான் பேசுவேன்.

"எப்ப நிக்குதுன்னு கேளுக்கா."

"எப்ப நிக்குதாம்?" என்றாள் என்னிடம்.

"வெள்ளிக்கிழமைன்னு சொல்லு."

"வெள்ளிக்கிழமையாம்டா."

"வெள்ளிக்கிழமை அத்தான் அப்படி என்ன விசேஷமா செய்றாங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லு. குளிப்பேன், சாமி கும்பிடுவேன், பெட்டியைத் திறந்து டிஸ்க் ரெண்டுக்கும் சந்தனம் பூசுவேன், மூடிட்டு வேலையைத் தொடங்குவேன்."

"ஒண்ணுமில்லையாம்டா" என்றாள் செண்பகவல்லி.

நல்ல பெண். எதையும் வளர்த்தாமல் சொல்வாள். "அப்ப எனக்கும் ஒண்ணும் புரியல, பெட்டியைக் கொண்டு வரச் சொல்லு" என்றான் அவன். அவன் கடைக்கு நானா? போகவில்லை.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் காதுகுத்துப் படத்தைத் திருத்தினேன். அந்த வாரம் கீழே இருக்கிற டிஸ்க்குக்குக் கூடுதலாகச் சந்தனம் வைத்திருந்தேன். காற்றுப் போகாத இடம், பாவம். மறுநாள் உட்கார்ந்து, படத்தில் பூவநாதனை எடுத்துவிட்டேன். எப்படி என்றால், பிள்ளை முகத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்க ஆக்க அவன் தலை மேலே போய்விட்டது, தோள் பக்கத்தில் போய்விட்டது. இரண்டு கைகள் மட்டும் போக மாட்டேன் என்றன. பிள்ளையைச் சுற்றி, எங்கிருந்தோ வந்த மாதிரி, இரண்டு கைகள், ஒன்றில் வாட்ச். சரி, சாமி கை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சாமிக்கு எதற்கு வாட்ச் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கடைசியில் ஒரு இடத்தில் மைக்கில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். விசும்பல் மாதிரி. பக்கத்தில் எவனோ சளிக்காரன் நின்றிருக்கிறான். படமும் அங்கே சாய்ந்து, என் கால் விரல்கள்தான் தெரிந்தன. அதையும் வெட்டினேன். பழைய படத்தின் மேலேயே புதியதைப் பதிந்தேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஆள் காலி! மாப்பிள்ளை மாட்டிக்கொடுத்த டிஸ்க் மாப்பிள்ளையையே துடைத்துவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். கேமரா கார்டில் அதற்குள் வேறு கல்யாணம் ஏறிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மேல் டிஸ்க் பொறாமைப்படக் கூடாதே என்று அதற்குக் கூடுதல் சந்தனம். எனக்கு ஓரவஞ்சனை கிடையாது. சனிக்கிழமை காலையில் படத்தைப் போட்டால், பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் பூவநாதன்! முழுசாக! சிரிப்போடு!

மறுபடியும் வெட்டலாம் என்று உட்கார்ந்தால் நீலத் திரை. அடுத்த வாரம் கீழ் டிஸ்க்குக்குக் கூடுதல் முறை. பார்த்தால் ஆளைக் காணோம், கைகள் மட்டும். அதற்கடுத்த வாரம் மேல் டிஸ்க் முறை. மறுபடி வந்துவிட்டான். விருந்துக்கு வந்து போகிற மாதிரி வாரம் வாரம் வருகிறான், போகிறான்.

செண்பகவல்லி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, போன வாரம் என் தம்பி இருந்தானே. இப்ப எங்க?"

"வைரஸ்" என்றேன்.

"ஆளைத் தின்னுற வைரஸா?"

"இப்பல்லாம் அப்படித்தான் வருது."

"பெரியத்தான் இருக்காரு, உங்க அக்கா இருக்காங்க, உங்க ஊரு பூசாரி இருக்காரு. அந்த வைரஸுக்கு எங்க வீட்டு ஆளு மேல மட்டும் என்ன கோபம்?"

பதில் சொல்வதற்குள் அவள் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "இது நான் வாங்கிக் கொடுத்த வாட்ச்" என்றாள். அவ்வளவுதான்.

வருகிற வியாழக்கிழமை என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம், கோவில்பட்டியில். மண்டபத்தில் பெரிய திரை கட்டி, பேத்தி காதுகுத்துப் படத்தைக் கட்டாயம் போட வேண்டும் என்று கிழவர் ஆசைப்பட்டுச் சொல்லியிருக்கிறார். செண்பகவல்லி பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் முன்னால போறேன். அந்தப் படத்தில என் தம்பி இருந்தா நான் உங்களோட திரும்பி வருவேன். வெறும் கை மட்டும் இருந்தா, நான் அங்கேயே இருந்துக்கிடுதேன். சோறு யார் பொங்குறதுன்னு அந்தச் சாமி கைகிட்டக் கேட்டுக்கோங்க."

என்ன செய்வது? இன்று காலையில் பெட்டியை வேட்டியில் சுற்றி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மச்சினன் கடைக்குப் போனேன். தாத்தாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இவளும் கிளம்பிவிட்டாள்.

பூவநாதன் மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். மூக்கை வைத்து மோந்தும் பார்த்தான். சிரிக்கவில்லை அண்ணாச்சி, முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை.

"அத்தான்," என்றான், "இது கம்ப்யூட்டரா, கர்ப்பக்கிரகமா?"

"சூடு ஆகாதுன்னு நீதானே சொன்னே" என்றேன். பேசக் கூடாது என்று இருந்தவன், வாய் தவறிப் பேசிவிட்டேன்.

கடையைப் பாதி சாத்திவிட்டு, பல் துலக்குகிற பிரஷ்ஷால் சுரண்டினான், சுரண்டினான், காய்ந்த சந்தனம் பொரிப்பொரியாக விழுந்தது. வயரைப் புதிதாக மாட்டினான். எந்த டிஸ்க்குக்கு ஈரச் சந்தனம் கூடுதலோ அது வகுப்பை விட்டு வெளியே போய்விடுகிறதாம். அது இல்லாதபோது சொன்னதை அது எழுதவில்லை. அப்படி ஆளுக்கொரு வாரம் மட்டம் போட்டு, இரண்டு பேர் நோட்டும் வேறு வேறாகிவிட்டது என்று என்னென்னவோ சொன்னான். எனக்கு அது சரியாகப் படவில்லை. சந்தனம் யாருக்காவது கெடுதல் செய்யுமா? வயர் பழசு. அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசில்லை.

"நல்லவேளை, கேட்ட கேள்விக்கெல்லாம் 'இல்லை'ன்னு அமுக்கினீங்க. ஒரு தடவை 'ஆமா'ன்னிருந்தா ஒரு நோட்டு மொத்தமா போயிருக்கும்" என்றான். பார்த்தீர்களா? கடைசியில் காப்பாற்றினது யார்?

கல்யாண வீடியோக்களையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இறக்கி வைத்தான். பிறகு காதுகுத்துப் படம். ஒரே பெயரில் இரண்டு. முதல் டிஸ்க்கில் இருந்ததைப் போட்டான். பார்த்துக்கொண்டே இருந்தவன், தன் கையைத் தூக்கி வாட்ச்சைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி வாட்ச்சைப் பார்த்தான்.

"அத்தான், இது என் கைதானே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல மின்விசிறி.

"தலையைக் காணோமே அத்தான்."

"வைரஸ்" என்றேன்.

அவன் படத்தை நிறுத்தினான். முகம் சுருங்கிவிட்டது. எனக்கே என்னவோ போல இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "மண்டபத்தில போடப் போறது ஒண்ணுதான். பெட்டியில இருக்கப் போறதும் ஒண்ணுதான். எதை வைக்கணும்னு சொல்லுங்க. நீங்க சொல்றதை வைக்கிறேன்."

செண்பகவல்லி துணி அடுக்கினது கண் முன்னால் வந்தது. ஆனால் அவன் சொல்லி நான் தலையாட்டுவதா? எனக்கு ஒரு யோசனை வந்தது. "காது அவளோடது, அவளே சொல்லட்டும்" என்றேன். முதல் படத்தில் இவள் முகம் திரை முழுக்க இருக்கிறது. எந்தப் பிள்ளை தன் முகம் பெரிதாகத் தெரிகிறதை வேண்டாம் என்று சொல்லும்? பிள்ளை சொன்னாள் என்றால் செண்பகவல்லியும் வாயைத் திறக்க மாட்டாள். பூவநாதன் மறுபடியும் லேசாகச் சிரித்தான். தன்னைத்தான் சொல்வாள் என்று அவனுக்கு நினைப்பு.

இவளை ஸ்டூலில் உட்கார வைத்தோம். கையில் கடலை மிட்டாய். இரண்டு படத்தையும் முழுசாகப் போட்டுக் காட்டினான். முதல் படத்தில் தன் முகத்தைப் பார்த்து, "என் மூக்கு எவ்ளோ பெரிசு" என்றாள். இரண்டாவதில் மாமன் வந்ததும் மாமனைப் பார்த்துக் கையசைத்தாள். கடைசி வரைக்கும் பார்த்தாள். அந்தச் சளிக்காரன் சத்தம் வருகிற இடத்தில் மிட்டாய் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

கழுகுமலை வந்துவிட்டது போலிருக்கிறதே. நீங்கள் இறங்க வேண்டுமா? மெதுவாக எழுந்திருங்கள், பெட்டி... கீழே என் பை தட்டினாலும் பரவாயில்லை, அதில் புதுச் சந்தனக் கட்டைதான் இருக்கிறது. வெளியே மட்டும் பூசுங்கள் என்று மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். பார்ப்போம், வெயில் காலம் வரட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாளா? இரண்டாவதை.

"மாமா இருக்காங்கன்னா?" என்று பூவநாதன் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். திரையில் என் கால் விரல்கள் நின்றிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதுலதான் அப்பா அழுறாங்க" என்றாள்.

அதையே இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைத்தோம்.